கடைசி வரிசையில் மாட்ட வேண்டிய ரேடார் விளக்கு

கார்மின் வேரியா ஆர்டிஎல்515 என்பது சைக்கிளின் சீட் போஸ்டில், அதாவது சீட்டைத் தாங்கும் குழாயில், மாட்டும் சிவப்புப் பின்விளக்கு. அதற்குள்ளேயே சிறிய ரேடார் ஒன்று இருக்கிறது. பின்னாலிருந்து வரும் வண்டியை 140 மீட்டர் தூரத்திலிருந்தே பிடித்து, ஹேண்டில்பாரில் இருக்கும் சைக்கிள் கணினிக்கோ (வேகம், தூரம் காட்டும் சிறிய திரைக் கருவி) கைபேசிக்கோ சொல்லிவிடும். 2020ல் வந்த பொருள். வந்தபோது விலை 199.99 அமெரிக்க டாலர். தனியாக ஓட்டுபவருக்கு இது எப்படி என்று எழுதிய மதிப்புரைகள் நிறைய உண்டு. இங்கே பார்க்கப்போவது வேறு கேள்வி. சிங்கப்பூர்ச் சாலையில் இருவர் இருவராக இணைந்து ஓட்டும் குழுவுக்கு இது எந்த அளவு உதவும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குழுவில் பத்துப் பேர் இருந்தால் பத்து ரேடார் வேண்டாம், இரண்டு போதும். அந்த இரண்டும் கடைசி வரிசையில் இருக்க வேண்டும். முன் வரிசையிலோ நடுவிலோ மாட்டினால் அது வெறும் விலை உயர்ந்த பின்விளக்குதான். ஏன் இரண்டு, ஏன் கடைசியில் என்பதற்குக் கருவி பாதி காரணம், சாலை விதி பாதி காரணம். விதியைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கருவியை வாங்கிப் பயனில்லை என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

2022 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் சாலையில் செல்லும் சைக்கிள் குழுவின் நீளம் அதிகபட்சம் 5 சைக்கிள். ஒற்றை வரிசையில் போனால் 5 பேர். இருவர் இணையாகப் போனால் 10 பேர். இணையாகப் போக எல்லாச் சாலையிலும் அனுமதி இல்லை. போகும் திசையில் குறைந்தது இரண்டு தடங்கள் இருக்க வேண்டும். ஒற்றைத் தடச் சாலையிலும், பேருந்துத் தடம் நடைமுறையில் இருக்கும் நேரத்தில் அந்தத் தடத்திலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே இரண்டு விளக்குக் கம்ப தூரம், அதாவது ஏறத்தாழ 30 மீட்டர் விடச் சொல்கிறது நிலப் போக்குவரத்து ஆணையம். இந்த 30 மீட்டர் பரிந்துரை, மற்றவை சட்டம். மீறினால் அபராதம் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முன்பு 75 வெள்ளியாக இருந்தது. வழக்கு நீதிமன்றம் போனால் முதல் முறையே 1,000 வெள்ளி வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விளைவு உண்டு. பத்துப் பேர் ஐந்து ஜோடியாக இரட்டைத் தடச் சாலையில் போகிறார்கள், சட்டப்படி எல்லாம் சரி. அந்தச் சாலை ஒற்றைத் தடமாகச் சுருங்குகிறது. எல்லோரும் ஒழுங்காக ஒருவர் பின் ஒருவராக மாறுகிறார்கள். அந்த நிமிடமே அது பத்து சைக்கிள் நீளக் குழுவாகிவிடுகிறது, அதாவது விதிமீறல். ஒற்றை வரிசைக்கு மாறியதோடு வேலை முடியவில்லை. குழு இரண்டாக உடைய வேண்டும். நல்லெண்ணத்தோடு ஒதுங்கியவர்களுக்கே அபராதம் என்பது கேட்க வருத்தமாக இருந்தாலும் விதி அப்படித்தான் சொல்கிறது. இரண்டு ரேடார் ஏன் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

பேருந்துத் தட நேரத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கோடு மட்டும் உள்ள சாதாரணத் தடம் வார நாட்களில் காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை 5 முதல் 8 வரை. சிவப்புக் கோடும் சேர்ந்த முழுநாள் தடம் திங்கள் முதல் சனி வரை காலை 7.30 முதல் இரவு 11 வரை. ஞாயிற்றுக்கிழமைக் குழுக்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி 7.30க்குப் பிறகு திரும்பும் குழுக்கள்தான் மாட்டிக்கொள்கின்றன. போகும்போது இணையாகப் போன அதே சாலையில் வரும்போது இணையாக வரக் கூடாது.

இருவர் இணையாகப் போவது பின்னால் வரும் காருக்கு இடைஞ்சல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டால் அது நிற்காது. ஒரு சைக்கிள் ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளம். இடையில் ஒரு மீட்டர் விட்டால் ஐந்து வரிசை 12.5 மீட்டர், ஒரு பேருந்தின் நீளம். அதே பத்துப் பேர் ஒற்றை வரிசையில் போனால் 26 மீட்டர். குழு 28 கிலோமீட்டர் வேகத்திலும் கார் 60லும் போனால், கார் இணை வரிசையைத் தாண்ட ஏறத்தாழ 2 நொடி. நீண்ட ஒற்றை வரிசையைத் தாண்ட மூன்றரை நொடி. அகலத்திலும் அப்படித்தான். தனி ஆள் ஓரமாகப் போனாலும் அவருடைய வலது தோள் சாலை விளிம்பிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருக்கும். அதற்கு மேல் ஓட்டுநர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 1.5 மீட்டர் இடைவெளி, அதற்கு மேல் காரின் அகலம் 1.8 மீட்டர். மொத்தம் 4.2 மீட்டர். தடமோ 3 முதல் 3.5 மீட்டர்தான். ஒருவரைத் தாண்டினாலும் இருவரைத் தாண்டினாலும் கார் அடுத்த தடத்துக்குள் போயே ஆக வேண்டும். அடுத்த தடம் என்று ஒன்று இருக்கும் சாலையில்தான் சட்டமும் இணையாகப் போக விடுகிறது. இந்த விதியில் நியாயம் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இனி கருவி.

எடை 71 கிராம். கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரியது, நீளவாக்கில் நிற்கும். ஒரே ஒரு பொத்தான். கணினித் திரையின் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று மேலிருந்து கீழாக இருக்கும். பட்டையின் உச்சி நீங்கள். பின்னால் யாரும் இல்லாதபோது பச்சை. வண்டி வரம்புக்குள் நுழைந்ததும் ஒரு பீப் சத்தம், நிறம் மஞ்சளுக்கு மாறும், பட்டையின் அடியில் ஒரு புள்ளி முளைக்கும். வண்டி நெருங்க நெருங்கப் புள்ளி மேலேறும். வேகமாக வருவது என்றால் சிவப்பு. ஒரே நேரத்தில் எட்டு வண்டிகள் வரை காட்டும். தானா மேரா கோஸ்ட் ரோட்டில் விடியற்காலையில் லாரிகள் வரிசையாக வரும்போது இந்தப் பட்டையைப் பார்த்தால் புரியும்: ஒரு புள்ளி மேலேறி மறைகிறது, பெருமூச்சு விடத் தோன்றுகிறது, ஆனால் அடியில் இன்னும் இரண்டு புள்ளிகள் வந்துகொண்டிருக்கின்றன. காதால் கேட்டால் மூன்றும் ஒரே இரைச்சல். முதல் லாரி போனதும் வலப்பக்கம் விலகிவிடும் தவறு இந்தப் பட்டையால்தான் தடுக்கப்படுகிறது. இந்தக் கருவியின் ஆகச்சிறந்த பயன் இதுதான். ஒரு வண்டி வருவதைக் காதே சொல்லிவிடும், பின்தொடரும் இரண்டாவது வண்டியைக் காது சொல்லாது.

140 மீட்டர் என்பது எத்தனை நொடி? அதுதான் முக்கியம். குழு 28 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 50ல் வரும் கார் உங்களை எட்ட 23 நொடி ஆகும். 70ல் வருவது 12 நொடியில் எட்டிவிடும். இவை வண்டி 140 மீட்டரிலேயே பிடிபட்டால் கிடைக்கும் கணக்கு. வளைவு, மேடு, நடுவில் வேறு வண்டி என்று ஏதாவது இருந்தால் நேரம் குறையும். கடைசி வரிசைக்காரர் திரையைப் பார்த்து, குரல் கொடுத்து, அது வரிசை வரிசையாக முன்னே போய்ச்சேர இரண்டு மூன்று நொடி. அதுபோக மீதிதான் குழுவுக்குக் கிடைக்கும் நேரம். அகன்றுபோன ஜோடிகள் நெருங்கி வரவும், தண்ணீர்ப் புட்டியை எடுத்தவர் திருப்பி வைக்கவும் இது தாராளம். பத்துப் பேரை இரண்டு அணியாகப் பிரிக்க இது போதாது. "ரேடார் இருக்கிறதே, வண்டி வந்தால் பிரிந்துகொள்ளலாம்" என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடைகிறது.

பிரிவதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று பாருங்கள். எளிய முறை இது: இடது வரிசையின் ஐவரும் 28லேயே போய்க்கொண்டிருக்க வேண்டும். வலது வரிசையின் ஐவரும் பிரேக் போடாமல், மிதிப்பதைத் தளர்த்தி 24க்கு இறங்க வேண்டும். வேக வித்தியாசம் மணிக்கு 4 கிலோமீட்டர், நொடிக்கு 1.1 மீட்டர். வலது வரிசையின் முதல் ஆள் இடது வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் வர 12.5 மீட்டர் பின்தங்க வேண்டும். அதற்கு 11, 12 நொடி. அப்போதுதான் இடப்பக்கம் ஒதுங்க இடம் கிடைக்கும். 30 மீட்டர் இடைவெளியும் விழ வேண்டுமென்றால் மொத்தம் 38 நொடி. அந்த நேரத்தில் முன் அணி 300 மீட்டர் போயிருக்கும். ஆகவே தடம் சுருங்கும் இடத்துக்கு 300 மீட்டர் முன்பே "சிங்கிள்" என்று குரல் கொடுக்க வேண்டும். சுருங்கும் இடத்துக்கு வந்த பிறகு சொன்னால் நடுவில் இருப்பவர் பிரேக் பிடிப்பார், அவருக்குப் பின்னால் இருப்பவரின் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தில் உரசும். குழுவில் விழுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறார்கள். காருக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது.

30 மீட்டர் விழுந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. முன் அணியின் கடைசி ஆள் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குங்கள். பின் அணியின் முதல் ஆள் அதே கம்பத்தைத் தாண்ட 4 நொடி ஆனால் 28 கிலோமீட்டர் வேகத்தில் அது 30 மீட்டர்தான்.

இப்படி இடது வரிசை ஓர் அணி, வலது வரிசை ஓர் அணி என்று பிரிந்தால், ஐந்தாம் ஜோடியில் இடப்பக்கம் இருந்தவர் முன் அணியின் கடைசி ஆளாகவும், வலப்பக்கம் இருந்தவர் பின் அணியின் கடைசி ஆளாகவும் ஆகிறார்கள். கடைசி ஜோடி இருவரிடமும் ரேடார் இருந்தால், பிரிந்த பிறகும் இரண்டு அணிக்கும் பின்னால் கண் இருக்கிறது. யாரும் இடம் மாற வேண்டியதில்லை. ஒரே ஒரு ரேடார்தான் இருக்கிறது என்றால் அதை வலப்பக்கத்தவரிடம் கொடுங்கள். முன் அணிக்கு 30 மீட்டர் பின்னால் வரும் ஐந்து பேர் ரேடாருக்கு ஓரளவு திரையாக நிற்பார்கள் என்பதால், முன் அணியின் கருவி எப்படியும் வண்டியைத் தாமதமாகவே பார்க்கும்.

கடைசி வரிசையைத் தவிர வேறெங்கும் மாட்டாதீர்கள் என்பதற்கும் இதே காரணம்தான். ரேடார் பின்னால் வரும் சைக்கிளையும் காரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. உங்களைவிட வேகமாக நெருங்கும் எதையும் வண்டியாகவே காட்டும். நடு வரிசையில் மாட்டினால் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு முறை மிதித்து நெருங்கும்போதும் திரையில் ஒரு புள்ளி ஓடிவரும். பத்து நிமிடத்தில் அந்தப் புள்ளியை மதிப்பதை விட்டுவிடுவீர்கள். உண்மையான கார் வரும்போதும் அதையே செய்வீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை, அழையாமல் பின்னால் வந்து ஒட்டிக்கொள்பவர். காற்றுத் தடுப்புக்காகக் குழுவின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். நெருங்கி வந்தபோது புள்ளியாகத் தெரிந்தவர், உங்கள் வேகத்துக்கே இறங்கியதும் திரையிலிருந்து மறைந்துவிடுவார். ஆனால் ஆள் அங்கேயே இருக்கிறார், ரேடாரின் பார்வையை உடம்பால் மறைத்துக்கொண்டு. போதாக்குறைக்கு, சாலையில் பார்ப்பவர் கண்ணுக்கு உங்கள் குழு இப்போது ஆறு சைக்கிள் நீளம். பணிவாகச் சொல்லி முன்னே போகச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் வேகத்தைக் குறைத்து அவரைப் போகவிடுங்கள்.

வேகம் ஒத்துப்போனால் மறைந்துவிடும் என்பது வண்டிகளுக்கும் பொருந்தும். தாண்ட இடம் இல்லாமல் உங்கள் வேகத்திலேயே பின்னால் ஊர்ந்துவரும் பேருந்தை ரேடார் காட்டாது. பட்டை பச்சைக்குத் திரும்பிவிடும். பச்சை என்றால் பின்னால் யாரும் இல்லை என்று பொருள் இல்லை. பின்னால் யாரும் நெருங்கவில்லை என்றுதான் பொருள். வலப்பக்கம் விலகும் முன் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. புதிதாக வாங்குபவர்களுக்கு வேறு எதையும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

தடங்களையும் ரேடார் பிரிப்பதில்லை. சிங்கப்பூர்க் குழுக்களைப் பொறுத்தவரை கருவியின் பெரிய குறை இதுதான். இணையாகப் போக அனுமதி உள்ள சாலைகள் எல்லாம் பல தடங்கள் உள்ளவை. மூன்றாம் தடத்தில் போகும் காரும் உங்கள் பின்னாலேயே வரும் லாரியும் திரையில் ஒரே மாதிரிப் புள்ளிகள். காலை ஏழு மணிக்கு மேல் பரபரப்பான சாலையில் பட்டை ஓயாமல் மஞ்சளாகவே இருக்கும், பீப் சத்தம் நிற்காது. நியோ தியூ ரோடு போன்ற ஒற்றைத் தடச் சாலைகளில், ஆளரவம் இல்லாத இடத்தில், ஒவ்வொரு பீப்பும் பொன்னான செய்தி. அங்கேயோ இணையாகப் போகக் கூடாது. ஆகவே பல தடச் சாலையில் போகும்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் பட்டையின் நிறத்தை மட்டும் பார்ப்பது நல்லது. சிவப்பு வந்தால் மட்டும் குரல் கொடுங்கள். ஒற்றைத் தடத்துக்குள் நுழைந்ததும் சத்தத்தைத் திரும்பப் போடுங்கள், ஒவ்வொரு வண்டிக்கும் "கார் பேக்" சொல்லுங்கள், கடைசி வண்டி போனதும் "க்ளியர்" சொல்ல மறக்காதீர்கள்.

பல தடச் சாலையின் குறையைத் தீர்க்க ஹேண்டில்பார் முனையில் செருகும் சிறிய குவிகண்ணாடி ஒன்று போதும். ரேடார் "வருகிறது" என்று சொல்லும். எந்தத் தடத்தில் வருகிறது என்பதைக் கண்ணாடி சொல்லும். இடப்பக்கம் வண்டி ஓட்டும் ஊர் என்பதால் கண்ணாடி வலது முனையில் இருக்க வேண்டும். விலை ரேடாரின் விலையில் மிகச் சிறிய பகுதி. ரேடார் வாங்கப் பணம் இல்லாதவர்கள் இதை மட்டுமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும் முறையில் தவறு செய்தால் கருவியின் பாதித் திறமை போய்விடும். ரேடாரின் முகம் சாலைக்குச் செங்குத்தாக, நேராகப் பின்னால் பார்க்க வேண்டும். சீட் போஸ்ட் சாய்ந்திருப்பதால் அப்படியே கட்டினால் முகம் கீழே பார்க்கும் அல்லது திரும்பிப்போகும். அதைச் சரிசெய்யத்தான் பெட்டியில் உருளை, டி வடிவம், ஏரோ (காற்றைக் கிழிக்கும் தட்டை வடிவம்) ஆகிய மூன்று வகைப் போஸ்டுக்கும் தனித்தனி ரப்பர் அடித்துண்டுகள் இருக்கின்றன. உங்கள் போஸ்டுக்கு உரியதை எடுத்து ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். தரையிலிருந்து உயரம் 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 120க்கு மேற்போகாமல் இருக்கட்டும். சீட்டுக்கு அடியில் தொங்கும் பையின் வார் முகத்தை மறைக்கிறதா என்று ஏறி உட்கார்ந்த பிறகு வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பையில் ட்யூப்பும் பம்பும் நிறைந்ததும் அடிப்பாகம் தொங்கிப்போய் விளக்கின் மேல்பகுதியை மூடுவது அடிக்கடி நடப்பது. கால்வட்டம் திருப்பினால் கழலும் மாட்டி என்பதால் கழற்றுவது எளிது. காபிக் கடையில் நிறுத்தும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கணினியோடு இணைப்பதை வீட்டிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஆன்ட் பிளஸ் (சைக்கிள் கருவிகள் பேசிக்கொள்ளும் கம்பியில்லா இணைப்பு), புளூடூத் இரண்டும் உண்டு. இணைக்கும்போது மற்ற கருவிகளிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குழு கூடும் இடத்தில், பத்துப் பேரின் பவர் மீட்டரும் (மிதிக்கும் வலுவை அளப்பது) இதயத்துடிப்புப் பட்டையும் பேசிக்கொண்டிருக்கும்போது இணைத்தால் பக்கத்தவரின் ரேடாரோடு போய் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இதையே பயனாகவும் மாற்றலாம். ஆன்ட் பிளஸ் ஒலிபரப்பு மாதிரி வேலை செய்வதால் ஒரே ரேடாரைக் கடைசி ஜோடி இருவரின் கணினியும் கேட்கலாம். பேசிக்கொண்டே ஓட்டும் இருவரில் ஒருவர் கவனிக்காவிட்டாலும் மற்றவர் கவனிப்பார். ஆனால் முதல் வரிசைக்கும் அது எட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 12 மீட்டரும் நடுவில் எட்டு உடம்புகளும் அலையை விழுங்கிவிடும். முன்னே செய்தி போக மனிதக் குரல்தான் வழி. கைபேசியிலும் வேரியா செயலி மூலம் பார்க்கலாம், ஆனால் திரையை மணிக்கணக்கில் எரியவிட்டால் மின்கலம் தாங்காது.

விளக்கைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. பகலில் சிமிட்டும் நிலையில் ஒளி 65 லூமென் (வெளிச்சத்தின் அளவு), 16 மணி நேரம் தாங்கும். இரவில் சிமிட்டும் நிலையில் 29, நிலையாக எரிந்தால் 20. இரண்டிலும் 6 மணி நேரம். குழு நிலை என்று ஒன்று உண்டு, 8 லூமென் மட்டும். பின்னால் ஆள் இருக்கும்போது அவர் கண்ணைக் கூசச்செய்யாமல் இருக்க. சிங்கப்பூரில் இரவு 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் எரிய வேண்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்பும் குழு முதல் ஒன்றரை மணி நேரம் இரவு நிலையிலும், வெளுத்த பிறகு பகல் நிலையிலும் ஓடலாம். வண்டி நெருங்கும்போது விளக்கின் சிமிட்டலும் மாறி ஓட்டுநரின் கண்ணை இழுக்கிறது. கடைசி வரிசையில் இருவரும் இதை வைத்திருந்தால் இரண்டு விளக்குகளும் சேர்ந்து குழுவின் அகலத்தையும் ஓட்டுநருக்குக் காட்டிவிடுகின்றன. ஒற்றை விளக்கைப் பார்த்து ஒரு ஆள்தான் என்று நினைத்து நெருங்கி வருவது குறையும்.

நீர்காப்பு ஐபிஎக்ஸ்7, அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் தரம். திடீரென்று கொட்டும் மழைக்கு இது போதும். கவனிக்க வேண்டியது மின்னேற்றும் துளை. மழையில் நனைந்து வந்ததும் ரப்பர் மூடியைத் திறந்து உடனே கம்பியைச் செருகினால் உள்ளே இருக்கும் ஈரம் முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும். மூடியைத் திறந்து காற்றாட விட்டுப் பிறகு செருகுங்கள். துளை இன்னும் பழைய மைக்ரோ யுஎஸ்பி என்பது எரிச்சலூட்டும் விஷயம். மற்ற எல்லாவற்றுக்கும் டைப்-சி கம்பி வைத்திருக்கும் வீட்டில் இதற்கென்று தனியாக ஒரு கம்பியைப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது.

வெளியூரில் ஓட்டப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிரிட்டனில் 2022 ஜனவரி 29 அன்று திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 66ஆம் விதி எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை. இணையாகப் போகலாம், குழந்தைகளோடும் புதியவர்களோடும் போகும்போது அதுவே பாதுகாப்பாக இருக்கலாம், பாதுகாப்பு என்று தோன்றும் இடத்தில் ஒற்றை வரிசைக்கு மாறியோ நின்றோ பின்னால் வருபவரைப் போகவிடுங்கள் என்கிறது. முடிவு முழுக்க ஓட்டுபவர் கையில் இருப்பதால், அங்குள்ள குறுகிய கிராமச் சாலைகளில் இந்த ரேடார் சிங்கப்பூரைவிடப் பல மடங்கு உதவும். ஆஸ்திரேலியாவில் இணையாகப் போகும் இருவருக்கு இடையே 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஜெர்மனியில் 2020 ஏப்ரல் முதல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாதவரை இணையாகப் போகலாம், ஆனால் சிமிட்டும் பின்விளக்குக்கு அங்கே அனுமதி இல்லை. அதனால் அந்த நாட்டுக்கென்றே ஆர்டிஎல்516 என்று சிமிட்டாத வகை விற்கப்படுகிறது. இங்கே வாங்கிய 515ஐ அங்கே கொண்டுபோனால் நிலையாக எரியும் நிலையில்கூடச் சட்டப்படி செல்லுமா என்று கடையில் கேட்டுவிட்டுப் போங்கள்.

வேறு எதை வாங்கலாம்? ஏற்கெனவே நல்ல பின்விளக்கு இருப்பவர்களுக்கு விளக்கு இல்லாமல் ரேடார் மட்டும் உள்ள ஆர்விஆர்315 உண்டு. 2022ல் வந்த ஆர்சிடி715ல் கேமராவும் சேர்ந்திருக்கிறது. விலை இரு மடங்கு, எடையும் அப்படியே, மின்கலம் சீக்கிரம் தீரும். மோதல் நடந்தால் சான்று வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அது. பிரைட்டன் கார்டியா ஆர்300எல் 190 மீட்டர் வரை பார்க்கும் என்கிறது அந்த நிறுவனம், டைப்-சி துளையும் உண்டு. 515ஐ இன்னும் பரிந்துரைப்பதற்குக் காரணம், பெரும்பாலான சைக்கிள் கணினிகளோடு இழுபறி இல்லாமல் ஒத்துப்போகிறது என்பதும், இரவல் வாங்கியவர்கூட ஒரே பொத்தானில் பழகிவிடலாம் என்பதும்.

இரவல் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாராவாரம் ஓட்டும் குழுவாக இருந்தால் இரண்டு கருவிகளைப் பொதுப் பணத்தில் வாங்கி வைப்பதே சரி. பத்துப் பேர் பகிர்ந்தால் தலைக்கு ஒரு நல்ல டயரின் விலைகூட வராது. ஒவ்வொருவர் சீட் போஸ்டிலும் மாட்டி மட்டும் நிரந்தரமாக இருக்கட்டும்; அன்று கடைசி வரிசையில் யார் போகிறார்களோ அவர்கள் விளக்கைச் செருகிக்கொள்ளட்டும். இருவரின் கணினியிலும் இரண்டு ரேடாரும் முன்பே இணைக்கப்பட்டிருக்க வேண்டும். மின்னேற்றும் பொறுப்பை ஒருவரிடமே விடுங்கள், மாறி மாறி வைத்தால் ஒரு வாரம் கட்டாயம் காலியாக வந்து நிற்கும். கூடவே இரண்டு உபரி ரப்பர் பட்டைகளை வாங்கி வையுங்கள். இங்குள்ள வெயிலில் கருவிக்கு முன்னால் வெடிப்பது அவைதான்.